சரளை ரோட்டில் ஒன்பது அடி

பெயிண்டருக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான் உண்டு. அது தூசி. சண்டை போட வந்த வாடிக்கையாளரைக்கூட உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார். தூசியிடம் அந்த ஜம்பம் பலிக்காது. இடிபட்ட காருக்குப் பட்டி பூசி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடியும் தேய்த்து, மூன்று நாள் முதுகு ஒடிய வேலை பார்த்திருப்பார். கடைசிக் கோட்டு அடித்து ஸ்ப்ரே கன்னைக் கீழே வைக்கிற நேரம் பார்த்து ஒரு மண் துகள் வந்து கதவின் நட்டநடுவில் உட்காரும். கண்ணாடி போல இருக்க வேண்டிய கதவில் ஒரு பரு. அவ்வளவுதான், அந்தக் கதவை முதலிலிருந்து தேய்க்க வேண்டும். அந்த நேரத்தில் பெயிண்டர் பக்கத்தில் யாரும் போக மாட்டார்கள், கட்டிய மனைவி உட்பட.

அவர் வீடு தெருவின் கடைசி வீடு, அதைத் தாண்டித் தெரு பெரிய ரோட்டில் போய்ச் சேரும். வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஷெட், இருபத்திரண்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். ஷெட்டின் வாயைத் திறந்தால் ரோடு. ரோடு என்றால் சரளைக்கல் கொட்டிய ரோடு. ஒரு ஸ்கூட்டர் போனால் ஐந்து நிமிஷத்துக்குப் புழுதி அடங்காது. வேன் போனால் எதிர் வீடு தெரியாது. எதிரியை வாசலிலேயே குடிவைத்துக்கொண்டு ஒருத்தர் பதினெட்டு வருஷம் தொழில் செய்திருக்கிறார் என்றால், அதற்கு ஒரு சிவப்புத் துணிதான் காரணம்.

பெயிண்ட் அடிக்கப் போகிறார் என்றால் முதலில் ரோட்டுக்குத் தண்ணீர் தெளிப்பார். பிறகு ஷெட்டுக்கு இருபதடி முன்னால், ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுவார். துணி தொங்கினால் நாற்பது நிமிஷத்துக்கு அந்தப் பக்கம் எந்த வண்டியும் வராது. அவசரம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு, பூனை மாதிரி போவார்கள். இதைச் சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. முதல் வருஷம் அவர் கெஞ்சிக் கேட்டார், இரண்டாம் வருஷத்திலிருந்து தெருவுக்கே பழகிவிட்டது. அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனவர்கள் அங்கே துணியைக் காரணம் சொல்லித் தப்பித்ததும் உண்டு. துணி தொங்காத நாளில்கூட அப்படிச் சொன்னவர்கள் உண்டு என்று தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிற மருந்துக்கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ரோட்டுக்கு முதன்முதலாகக் கோடு போட்டதே பெயிண்டர்தான். பதினைந்து வயதில் ஒரு ஷெட்டில் தேய்க்கிற ஆளாகச் சேர்ந்து, முப்பத்து நாலு வயதில் இந்த மனையை வாங்கி வந்தபோது தெரு வெறும் மண். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். தெருக்காரர்கள் சேர்ந்து லாரி லாரியாகச் சரளை வரவழைத்து, தாங்களே மண்வெட்டி பிடித்துப் பரப்பினார்கள். எங்கிருந்து எங்கே கொட்டுவது என்று கேள்வி வந்தபோது பெயிண்டர் முன்னால் வந்தார். வரைபடத்தைத் தேடிப் போய் வாங்கி வரலாம் என்று யாரோ சொன்னதற்கு, தன் கண்ணுக்கு மேல் ஒரு வரைபடம் வேண்டுமா என்று கேட்டுவிட்டார். முதல் விளக்குக் கம்பத்தையும் கடைசி விளக்குக் கம்பத்தையும் அடையாளம் வைத்து, ஒரு முனையில் தான், மறுமுனையில் எதிர் வீட்டுக் கணக்கு டீச்சரின் வீட்டுக்காரர் என்று கயிறு பிடித்து, சுண்ணாம்பு தூவிக் கோடு போட்டார். நூல் பிடித்தது மாதிரி நேராக வந்தது. அந்தக் கோட்டைப் பற்றி அவர் பெருமை பேசாத கூட்டம் கிடையாது. அடுத்த மாதம் அந்தக் கோட்டின் ஓரத்தை ஒட்டித்தான் தன் ஷெட்டையும் போட்டார்.

இந்த வருஷம் தார் ரோடு போடலாம் என்ற பேச்சு வந்தபோது பெயிண்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடு வீடாகப் போனார். ஊராட்சி அலுவலகத்துக்கு மனு எழுதியது மருந்துக்கடைக்காரர், முதல் கையெழுத்து பெயிண்டர். அலுவலகத்தில், தெருவில் பாதிக்கு மேல் வீடுகள் வேண்டும் என்று சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். உடனே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் போட்டாயிற்று.

கூட்டம் என்றால் மண்டபமோ நாற்காலியோ கிடையாது. ரோட்டிலேயே கூடுவார்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் பேசுவார், முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீட்டில் முடியும். கடைசியில் வேண்டும் என்கிறவர்கள் ரோட்டின் மருந்துக்கடைப் பக்கம் நிற்க வேண்டும், வேண்டாம் என்கிறவர்கள் எதிர்ப்பக்கம். கை தூக்கினால் எண்ணுவதற்குள் சிலர் இறக்கிவிடுகிறார்கள் என்று வந்த ஏற்பாடு அது. காலை எங்கே வைத்திருக்கிறாயோ அதுதான் உன் ஓட்டு.

அன்று பேச்சு சூடாகத்தான் இருந்தது. தார் போட்டால் வெளி ஆட்களெல்லாம் குறுக்கு வழி என்று இந்தத் தெருவுக்குள் புகுந்து கண்மண் தெரியாமல் ஓட்டுவார்கள் என்றார் மூன்றாம் வீட்டுப் பேருந்து ஓட்டுநர். இப்போது பள்ளத்துக்குப் பயந்தாவது மெதுவாகப் போகிறார்கள், வாசலில் குழந்தைகளை விட முடிகிறது என்று இரண்டு பெண்கள் சொன்னார்கள். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவர் கேட்டார். பெயிண்டர் தன் முறைக்கு வந்தபோது வெளுத்து வாங்கினார். கர்ப்பிணியை ஏற்றி வந்த ஆட்டோ குலுங்கிய குலுக்கலைச் சொன்னார், தினமும் இருமுகிற தையல்கார அம்மாவைச் சொன்னார், தன் தூசியைக் கடைசியில்தான் சொன்னார். நல்ல பேச்சுத்தான், பாதி தன் ஷெட்டுக்காகப் பேசினாலும்.

அவரோடு பேச்சு முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் நினைப்பு. ஜனங்கள் பிரிந்து நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் எண்ணினார். இந்தப் பக்கம் பதினைந்து, அந்தப் பக்கம் பத்து. பெயிண்டர் ஜெயித்துவிட்டார். கைதட்டினார்கள். அப்போதுதான் கணக்கு டீச்சரின் இரும்பு கேட் திறந்தது. அறுபத்தைந்து வயது, வீட்டுக்காரர் போய் பதினாறு வருஷம், பிள்ளைகள் கிடையாது. டீச்சர் கைப்பையோடு வந்து தன் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். அது எதிர்ப்பக்கம். மருந்துக்கடைக்காரர் தன் அடங்கிய குரலில், “அப்ப அந்தப் பக்கம் பதினொண்ணு,” என்றார்.

ஜெயித்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். பதினொன்று என்றால் என்ன, இருபத்தொன்றா என்ன. ஆனால் பெயிண்டருக்குச் சுருக்கென்றது. வாரத்துக்கு இரண்டு தடவை தன் தூசியைக் கண்ணால் பார்க்கிற எதிர் வீடு, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து எதிராக நிற்கிறதே என்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

“டீச்சருக்கு எதுக்கு ரோடு? அவங்க வீட்டுக்கு யார் வராங்க, யார் போறாங்க? ஆள் இருக்கற வீட்டுக்குத்தான் ரோடு வேணும்.”

கைதட்டிக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. பெயிண்டரின் மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள், சொன்ன பிறகு இழுத்து என்ன பயன். பேருந்து ஓட்டுநர் தன் செருப்பைப் பார்த்தார். டீச்சர் பெயிண்டரை ஒரு நிமிஷம் பார்த்தார்கள். முகத்தில் கோபம் இல்லை, யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. பிறகு திரும்பிப் போய் கேட்டைச் சாத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். பெயிண்டர் முதலில் முறைத்தார், பிறகு நாளைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றார். நாளை போய் மறுநாள் வந்தது. ஒரு பெரிய வேன் வேலைக்கு வந்தது. அப்புறம் போகலாம் என்று இருந்தார். எதிர் வீட்டு கேட் பக்கம் கண்ணைக் கொண்டுபோகாமல் இருக்க அவருக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. இதை நினைத்துப் பின்னால் அவரே தன் கன்னத்தில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் சர்வேயர் வந்தார். கூட இரண்டு ஆள், முக்காலிக் கருவி, நீளமான டேப், கையில் வரைபடம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பெயிண்டர் முன்னால் நின்று வரவேற்றார், நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். முதல் கம்பத்தில் தொடங்கி அளந்துகொண்டே வந்தார்கள். நடுத்தெருவில் ஒரு வீட்டுப் படி அரை அடி முன்னால் வந்திருக்கிறது என்றார்கள், இன்னொரு வீட்டுத் தொட்டிச் செடி இரண்டு அடி. எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் பெயிண்டர் ஷெட்டுக்குள் இரண்டு ஆளும் டேப்போடு நுழைந்தார்கள். பெயிண்டர் அவர்களைத் தடுத்தார், அங்கே ஈரக் கதவு இருக்கிறது என்று.

“இந்த ஷெட் யாரோடது?” என்றார் சர்வேயர்.

“என்னோடதுதான் சார்.”

“இது ரோட்டுல இருக்கு.”

பெயிண்டர் சிரித்துவிட்டார். “சார், ரோடு அங்க இருக்கு சார்,” என்று சரளையைக் காட்டினார்.

“அது ரோடு இல்ல,” என்றார் சர்வேயர், எதிரே டீச்சரின் கேட்டைக் காட்டி. “அது அந்த அம்மா வீட்டு முன்வாசல்.”

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சர்வேயர் வரைபடத்தை ஒரு காரின் பானெட் மேல் விரித்துக் காட்டினார். ரோடு முதல் கம்பத்தில் சரியாகத்தான் ஆரம்பிக்கிறது. கடைசிக் கம்பம்தான் தப்பு. கம்பம் நட்டவர்கள் பாறை தட்டியதால் டீச்சர் வீட்டுப் பக்கமாகத் தள்ளி நட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பத்தைப் பார்த்துக் கோடு போட்டவர் யாரோ, கோட்டை நேராகத்தான் போட்டிருக்கிறார், ஆனால் முழுக்கோடும் சாய்ந்துவிட்டது. முதல் வீட்டில் தெரியாத சாய்வு, போகப்போகக் கூடி, கடைசி வீட்டில் ஒன்பது அடியாகி நிற்கிறது. பதினெட்டு வருஷமாகத் தெரு முழுக்க டீச்சர் வீட்டு வாசல்மேல் வண்டி ஓட்டியிருக்கிறது. உண்மையான ரோட்டின்மேல் பெயிண்டரின் ஷெட் நிற்கிறது.

தெருவில் பழைய ஆட்கள் எல்லாரும் பெயிண்டரைப் பார்த்தார்கள். கோடு போட்டவர் யார் என்று சர்வேயருக்குத்தான் தெரியாது.

பெயிண்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். அளந்தார்கள். மூன்றாவது தடவை டேப்பின் முனையைத் தானே பிடித்தார். டேப்புக்கு அவர் பிடித்தால் என்ன, வேறு யார் பிடித்தால் என்ன, ஒன்பதடிதான் வந்தது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன என்று மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பிக் கேட்டார். சர்வேயருக்கு அது காதில் விழுந்தது. அளந்தது பதிவாகிவிட்டது, தார் போட்டாலும் போடாவிட்டாலும் ஷெட்டின் முன்பக்கம் போக வேண்டும், பதினைந்து நாள் அவகாசம் என்றார். பிறகு அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் ரோடு இருக்கிறபடியே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஷெட்டைத் தொட வேண்டியதில்லை, அப்படி இரண்டு மூன்று இடத்தில் நடந்திருக்கிறது என்றார்.

சொந்தக்காரர் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் அந்த இரும்பு கேட்டுக்குப் போனது. பெயிண்டர் மட்டும் தரையைப் பார்த்தார்.

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. இவர் லாரியில் வரவழைத்துப் போட்டுக்கொண்டார். ஷெட்டில் ஒன்பதடி போனால் மிச்சம் பதிமூன்று. அவருக்கு வேலை வருவதே வேனும் பெரிய காரும்தான். பதிமூன்றடியில் அவற்றை எங்கே நிறுத்துவது, சுற்றிவந்து எப்படி அடிப்பது. வீட்டுக்குப் பின்னால் இடம் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு ஷெட்டில் போய்க் கூலிக்குத் தேய்ப்பதா. அன்று மத்தியானம் தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது. மனைவி திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவர் நுழைந்தது டீச்சரின் வீட்டுக்காரர் இறந்த அன்றுதான். முன்னறையில் ஒரு மேஜை, சீவிய பென்சில்கள் வரிசையாக. இரண்டு நாற்காலி, ஒன்றின்மேல் பழைய செய்தித்தாள் கட்டு. டீச்சர் அந்தக் கட்டை எடுத்துத் தரையில் வைத்து, உட்காரச் சொன்னார்கள். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்றோ என்று நினைத்ததுமே பெயிண்டருக்குத் தான் பேசிய பேச்சு ஞாபகம் வந்து முகம் எரிந்தது.

அவர் மன்னிப்பிலும் ஆரம்பிக்கவில்லை, ஷெட்டிலும் ஆரம்பிக்கவில்லை. கோடு தப்பு என்று டீச்சருக்கு முன்னமே தெரியுமா என்றுதான் கேட்டார்.

தெரியும் என்றார்கள். கயிறு பிடித்த அன்றே வீட்டுக்காரர் வந்து சொல்லியிருக்கிறார், கோடு நம் வாசலுக்குள் வருகிறது, ஆனால் அந்தப் பிள்ளை அவ்வளவு சந்தோஷமாகப் போடுகிறான், தப்பு என்று சொல்ல மனசு வரவில்லை என்று. டீச்சர் மறுநாளே நூல் போட்டு அளந்து பார்த்து, ஒன்பதடி என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஷெட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. சரி, நம் வாசலில்தானே எல்லாரும் நடக்கிறார்கள், நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம்.

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்கள். கரும்பலகையில் எழுதிப் பழகிய கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. என் மனையின் முன்பகுதி ஒன்பது அடி, இப்போது ரோடாக இருக்கிறபடியே பொது ரோடாக இருக்க எனக்கு முழுச் சம்மதம் என்று எழுதியிருந்தது. மேலே தேதி. கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பெயிண்டர் தேதியை இரண்டு தடவை படித்தார். “அன்னிக்கு நீங்க ரோடு வேண்டாம்னுதானே டீச்சர் அந்தப் பக்கம் நின்னீங்க?”

“என் வீட்டு கேட் எந்தப் பக்கம் இருக்கு, தம்பி?”

கேட் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே வருகிறவர் வேறு எங்கே நிற்பார். பேசக் கடைசி முறை எதிர் வீட்டுடையது என்பதைத் தெருவே மறந்துவிட்டு, பிரிந்து நின்று, எண்ணி, கைதட்டிவிட்டது. டீச்சர் தன் முறைக்குப் பேச வந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

“அளக்க வருவாங்க, வந்தா உன் ஷெட்டு போயிடும். அதுக்கு முன்னாடியே எல்லார் எதிர்லயும் கையெழுத்து போட்டுக் குடுத்துடலாம்னு பேனாகூட பையில வெச்சிருந்தேன்,” என்றார்கள் டீச்சர். “எனக்குன்னு குடுக்க வேற என்ன இருக்கு? அன்னிக்கு பூரா சந்தோஷமா இருந்தேன்.”

“அங்கயே சொல்லியிருக்கலாமே டீச்சர். என் வாயில அடிச்ச மாதிரி இருந்திருக்கும்.”

“சொன்னா எல்லாரும் என்னைப் பாவமா பாப்பாங்க. அது வேண்டாம்னு உள்ள வந்துட்டேன்.”

பெயிண்டர் காகிதத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தார். டீச்சரும் அதைக் கவனித்தார்கள்.

“நாலு தடவை பேனாவை எடுத்தேன் தம்பி. கை வரல. கோபம்னு நினைக்காத, கோபமா இருந்தா இதுக்குள்ள போயிருக்கும். நீ சொன்னது உண்மைதான், யாரும் வர்றதில்ல. ஆனா அத நீ சொல்லி, தெரு கேட்டுடுச்சு.”

“தப்புதான் டீச்சர். எல்லார் முன்னாடியும் வந்து மன்னிப்பு கேக்கறேன்.”

“கேளு,” என்றார்கள். பிறகு காகிதத்தின்மேல் விரலை வைத்து, “இதுக்காகக் கேக்காத,” என்றார்கள்.

வெளியே வந்த பெயிண்டர் நேராக ஷெட்டுக்குப் போகாமல், சரளையின் நடுவிலேயே கொஞ்ச நேரம் நின்றார். அது டீச்சரின் வாசல் என்பது ஞாபகம் வந்ததும் சட்டென்று ஓரத்துக்குப் போனார். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அவருக்கு மூச்சு ஒரு தடவைகூட முழுசாகப் போயிருக்காது. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஷெட் நின்றிருக்கும், சர்வேயர் வந்து அளந்து, சிரித்து, டீ குடித்துவிட்டுப் போயிருப்பார். தான் திட்டியது தனக்கு உதவ வந்த ஆளை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள்.

“ஒரு வாய்க்கு ஒன்பதடி,” என்றாள். பிறகு, “இப்ப என்ன பண்ணப் போறீங்க?” என்றாள்.

அதைத்தான் அவர் அன்று முழுக்க யோசித்தார். நாளைக்கே கூட்டம் கூட்டி மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் என்ன நடக்கும்? தெரு முழுக்க டீச்சர் கையைப் பார்க்கும். அவரும் பார்ப்பார், பார்க்காமல் இருக்க அவரால் முடியாது, இன்றைக்கே முடியவில்லையே. டீச்சர் கையெழுத்துப் போட்டால் ஊர் வற்புறுத்திப் போட்டதாக ஆகும், போடாவிட்டால் கல்மனசுக்காரி என்று பேர் கிடைக்கும். மன்னிப்பு என்ற பேரில் அந்த அம்மாவை இரண்டாவது தடவையும் நடுரோட்டில் நிறுத்துவது மாதிரிதான். ஷெட் நிற்கிற வரைக்கும் அவர் எப்படிக் கேட்டாலும் அது கையெழுத்துக்காகக் கேட்டதாகத்தான் இருக்கும்.

அவகாசம் இன்னும் பதினாலு நாள் இருந்தது. மறுநாள் காலை ஆறரைக்கே பெயிண்டர் ஏணியைச் சாத்தி முன்பக்கத் தகரத்தின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முதல் தகரம் தரையில் விழுந்த சத்தத்துக்கு மருந்துக்கடைக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்தார். பின்னாலேயே பேருந்து ஓட்டுநர், தையல்கார அம்மா, இன்னும் நாலு பேர். எல்லாருக்கும் அதிர்ச்சி. கெடுவுக்கு முன்னால் தன் ஷெட்டைத் தானே பிரிக்கிற ஆளை அவர்கள் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரர் தான் டீச்சரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார், பதினைந்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து போய்க் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லிவிடுவார்கள் என்றார்.

பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். “யாரும் அவங்க வீட்டுக்கு இந்த விஷயமா போகக் கூடாது. போனா அப்பறம் நான் உங்க யார்கிட்டயும் பேச மாட்டேன்.” அந்த மனுஷன் அவ்வளவு மெதுவாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. பேருந்து ஓட்டுநர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தகரத்தின் மறுமுனையைப் பிடித்தார். எதிர் வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் ஆயிற்று. இரும்புக் கால்களை அறுத்து, ஒன்பதடி உள்ளே தள்ளி நட்டு, வெட்டிய கூரையை மறுபடி முடுக்கியபோது ஷெட் பாதி உடம்பு போன மாதிரி இருந்தது. பெயிண்டர் ரோட்டிலிருந்து அதைப் பார்த்தார், அழுகை வந்தது, அழுதார். மறைக்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவரே வீடு வீடாகப் போய்த் தெருவைக் கூப்பிட்டார். டீச்சர் வீட்டுக்கும் போய், வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். எல்லாரும் கூடியபோது பழக்கம்போல இரண்டு பக்கமாக ஒதுங்கப் பார்த்தார்கள். இன்று பக்கம் எதுவும் இல்லை, சும்மா நில்லுங்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். டீச்சர் தன் கேட் முன்னால் நின்றார்கள். கையில் பை இல்லை.

பெயிண்டர் அன்று அந்த அம்மா பேச வந்ததைச் சொன்னார். எதைக் கொடுக்க வந்தார்கள் என்பதையும் சொன்னார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது, வாயில் கை வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், கைதட்டியவர்களுக்குத் தங்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் நிறுத்தாமல் பேசினார்.

“நான் பேசினது தப்பு. தெரியாம பேசலை, நோகட்டும்னுதான் பேசினேன். ஷெட்ட எடுத்துட்டேன். இனி எனக்கு அவங்ககிட்ட ஆக வேண்டியது ஒண்ணுமில்ல. அதனால இப்ப கேக்கறேன். என்ன மன்னிச்சிடுங்க டீச்சர்.”

வெட்டிய ஷெட்டை டீச்சர் ஒரு பார்வை பார்த்தார்கள். இது நடக்கும் என்று அவர்களும் நினைத்திருக்கவில்லை, அது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. “சரி,” என்றார்கள். பிறகு, “மிச்சம் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார்கள்.

“பதிமூணு அடி டீச்சர்.”

“அதுல எந்த வண்டி நிக்கும்?”

“சின்ன கார் நிக்கும். அதுக்கு மேல நிக்காது.”

டீச்சர் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். “அப்ப சின்ன காரா பாரு,” என்றார்கள்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெருவுக்குத் தெரியவில்லை. பெயிண்டர் தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை காலை, பதினோரு வருஷமாக அவரைத் தவிர வேறு யாரிடமும் வண்டியைக் கொடுக்காத துணிக்கடை முதலாளி தன் பெரிய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்பக்கம் நசுங்கியிருந்தது. பெயிண்டர் தடவிப் பார்த்தார், நாலு நாள் வேலை, நல்ல வேலை. இங்கே நிற்காது என்று சொல்லி, வேறொரு ஷெட்டுக்கு வழி சொன்னார். முதலாளி குட்டை ஷெட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“எதிர் வீட்டு டீச்சர மனசு நோகப் பேசிட்டேன் சார்.”

முதலாளி ஷெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேசியதற்கும் ஷெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பெயிண்டர் அதற்கு மேல் விளக்கவில்லை. காரைப் பின்னால் எடுக்கக் கைகாட்டி, ரோடு வரைக்கும் கூடவே நடந்துபோய் அனுப்பிவைத்தார்.